ஆங்கில வாக்கியத்தில் சொல்வகை அறிதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேசப் பணித்தபோது, ஷேக்ஸ்பியரைப் பற்றியோ மில்டனைப் பற்றியோ பேசலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் நடுநிலைப் பள்ளிப் பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' என்று நாம் எல்லோரும் படித்த அந்தப் பாடம்தான். எட்டு வகை, வகைக்கு ஒரு வரையறை, வரையறைக்குக் கீழே ஒரு பட்டியல் என்று பிள்ளைகள் அதை ஒப்பிக்கிறார்கள். ஆனால் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அடிக்கோடிட்ட சொல் எந்த வகை என்று கேட்டால் நன்றாகப் படிக்கும் பிள்ளையும் திகைக்கிறது. பிள்ளையிடம் குறையில்லை, நாம் கற்பிக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆங்கிலச் சொல் தனியாக நிற்கும்போது அதன் வகை பெரும்பாலும் முடிவாவதில்லை. வாக்கியத்துக்குள் வந்து, அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்ந்த பிறகே முடிவாகிறது. ஆகவே பிள்ளைகளுக்கு வரையறையைவிடச் சோதனைகள்தான் முதலில் தேவை.

எட்டு வந்த வழி

கிறித்துவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கண நூல் சொற்களை எட்டாகப் பிரித்தது. பெயர், வினை, 'பார்ட்டிசிபிள்' எனப்படும் எச்ச வடிவம், ஆர்ட்டிகிள், மாற்றுப்பெயர், முன்னிடைச்சொல், வினையடை, இணைப்புச்சொல் என்பன அந்த எட்டு. பெயரடைக்கு அங்கே தனி இடம் இல்லை. அது பெயருக்குள் அடங்கியிருந்தது. ரோமானியர் இந்த முறையை லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. அது போனால் எட்டு ஏழாகிவிடும். வியப்பிடைச்சொல்லைத் தனி வகையாக்கி எண்ணைச் சரிக்கட்டினார்கள். நான்காம் நூற்றாண்டில் டொனாட்டஸும், 500ஆம் ஆண்டை ஒட்டிக் கான்ஸ்டான்டிநோபிளில் பிரிசியனும் எழுதிய நூல்கள் இந்த எட்டை ஐரோப்பாவின் பள்ளிப் பாடமாக்கின.

1586இல் வில்லியம் புல்லோகர் வெளியிட்ட முதல் ஆங்கில இலக்கணம் லத்தீன் இலக்கணத்தை முன்மாதிரியாகக் கொண்டே எழுதப்பட்டது. 1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி, பிற்காலத்தில் ஆக்சிஜன் ஆராய்ச்சியால் புகழ்பெற்ற அதே பிரீஸ்ட்லி, எச்ச வடிவத்தை எடுத்துவிட்டுப் பெயரடைக்கு அந்த இடத்தைக் கொடுத்தார். நாம் ஒப்பிக்கும் பட்டியல் இதுதான். அடுத்த ஆண்டே ராபர்ட் லோத்தும், 1795இல் லிண்ட்லி மரேயும் ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்றார்கள். 2002இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் வேறொரு ஒன்பதைத் தந்தார்கள். அதில் மாற்றுப்பெயர் பெயர்ச்சொல்லின் உட்பிரிவாகிவிட்டது. கணினி ஆய்வுக்காக அமெரிக்காவில் உருவான 'பென் ட்ரீபேங்க்' தொகுப்பில் சொல்லுக்கான குறிகள் 36. உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த 'யுனிவர்சல் டிபென்டன்சீஸ்' திட்டத்தில் 17.

பிரிப்பவரின் நோக்கத்தைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. எட்டைச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. எட்டே முடிந்த முடிவு என்று சொல்லிக்கொடுப்பதுதான் தவறு.

வரையறை சறுக்கும் இடம்

ஆளையோ இடத்தையோ பொருளையோ குறிப்பது பெயர்ச்சொல். செயலைக் குறிப்பது வினைச்சொல். பெயரை விளக்குவது பெயரடை. பள்ளியில் நாம் படித்தது இது. 'ரெட்' என்பது ஒரு நிறத்தின் பெயர். அப்படியானால் 'எ ரெட் ஸாரி' என்பதில் 'ரெட்' ஏன் பெயர்ச்சொல் ஆகவில்லை? 'அரைவல்' என்பது வந்துசேரும் செயலைக் குறிக்கிறது. அது ஏன் வினைச்சொல் ஆகவில்லை? 'ஸீம்', 'பிலாங்' என்ற சொற்களில் எந்தச் செயலும் தெரியவில்லை. அவை எப்படி வினைச்சொற்கள் ஆயின?

இந்தக் கேள்விகளை அழுத்தமாக எழுப்பியவர் அமெரிக்க மொழியியலார் சார்லஸ் ஃப்ரீஸ். தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து, மக்கள் உண்மையில் பேசிய ஆங்கிலத்தை வைத்து அவர் எழுதிய 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் இங்கிலீஷ்' 1952இல் வெளிவந்தது. பெயர்ச்சொல்லைப் பொருளால் வரையறுக்கிறோம், பெயரடையை வேலையால் வரையறுக்கிறோம். இரண்டு அளவுகோல்களை ஒரே பட்டியலில் கலந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும் என்பது அவர் வாதம். அவர் பழைய பெயர்களையே விட்டுவிட்டு, மாதிரி வாக்கியங்களில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே பொருந்தும் சொற்களையெல்லாம் ஒரு வகையாகத் திரட்டினார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த அணுகுமுறை புதிதன்று. வினைச்சொல் எது என்று சொல்ல வந்த தொல்காப்பியர், செயலைக் குறிப்பது என்று விட்டுவிடவில்லை. வேற்றுமை ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்று இரண்டு அடையாளங்களைத் தந்தார். இரண்டுமே சொல்லின் வடிவத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்பவை. 'வருகை' வினையன்று, ஏனெனில் அது 'வருகையை', 'வருகைக்கு' என்று வேற்றுமை ஏற்கும், காலம் காட்டாது. 'அரைவல்' ஏன் பெயர்ச்சொல் என்ற கேள்விக்கும் இதே வழியில்தான் விடை. அது 'தி' ஏற்கும், பன்மை ஏற்கும், காலம் காட்டாது. இந்தச் சோதனை மனம் தமிழ்ப் பிள்ளைக்கு உரிய சொத்து. ஆங்கில வகுப்பில் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1930களில் வெளிவந்து இன்றும் நம் வீடுகளில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம், வாக்கியத்தில் பார்க்காமல் ஒரு சொல்லின் வகையைச் சொல்ல முடியாது என்று அந்தப் பாடத்திலேயே தெளிவாகச் சொல்கிறது. 'ஆஃப்டர்' என்ற ஒரே சொல் மூன்று வகையாக வருவதையும் காட்டுகிறது. வரையறைகளை மனப்பாடம் செய்த நாம் அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விட்டோம்.

ஈறுகள் தேய்ந்த மொழி

ஒரே சொல் இப்படி வகை மாறுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அன்பு என்ற பெயர்ச்சொல் 'லுஃபு', அன்புசெய் என்ற வினை 'லுஃபியன்'. ஈற்றைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும். வட ஐரோப்பியக் குடியேற்றத்தாரின் மொழியோடு கலந்தும், 1066இல் நார்மானியர் வென்ற பிறகு எழுத்து மரபு தளர்ந்தும், பேச்சில் கடைசி அசைகள் மெலிந்தும், அந்த ஈறுகள் சில நூற்றாண்டுகளில் தேய்ந்தன. பெயரும் வினையும் ஒன்றுபோல் ஒலித்து 'லவ்' என்று நின்றன. 'ஆன்ஸர்', 'ட்ரிங்க்' எல்லாம் இதே கதைதான்.

ஈறு போனபின் அதன் பொறுப்பு இடத்துக்கு வந்தது. எந்தச் சொல் எங்கே நிற்கிறது என்பதே இலக்கணமாயிற்று. கூடவே ஒரு சுதந்திரமும் கிடைத்தது. எந்தப் பெயரையும் வினையின் இடத்தில் வைத்தால் அது வினையாகிவிடும். ஒரு நிறுவனத்தின் பெயரான 'கூகுள்' தேடுதல் என்ற வினையாகி, 2006இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியிலும் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலும் வினைச்சொல்லாகவே இடம்பெற்றது.

'ரவுண்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். 'தி ஸெகண்ட் ரவுண்ட் வாஸ் டஃப்' என்றால் பெயர்ச்சொல். 'எ ரவுண்ட் டேபிள்' என்றால் பெயரடை. 'ஹி டர்ன்ட் ரவுண்ட்' என்பதில் வினையடை. 'வி ஸாட் ரவுண்ட் தி ஃபயர்' என்பதில் முன்னிடைச்சொல். 'தி ஷிப் ரவுண்டட் தி கேப்' என்றால் வினைச்சொல். 'ரவுண்ட் என்ன வகை?' என்ற கேள்விக்கு, 'எந்த வாக்கியத்தில்?' என்று திருப்பிக் கேட்கும் பிள்ளைதான் பாடத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை.

மூன்று சோதனைகள்

முதலாவது வடிவச் சோதனை. ஆங்கிலத்தில் எஞ்சியிருக்கும் ஈறுகள் சிலவே. ஆனால் அவை நம்பகமானவை. பெயர் பன்மை ஏற்கும். வினை காலத்துக்கு ஏற்ப மாறும். பெயரடை ஒப்புமைக்கு 'பிக்கர்', 'பிக்கஸ்ட்' என்றோ, 'மோர் பியூட்டிஃபுல்' என்றோ வரும். வாக்கியத்தில் வினையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. 'தி சில்ட்ரன் வாக் டு ஸ்கூல்' என்ற வாக்கியத்தை நேற்றைக்கு நடந்ததாக மாற்றச் சொல்லுங்கள். 'வாக்' என்பது 'வாக்ட்' ஆகும். மற்றவை அப்படியே நிற்கும். மாறியது வினை. 'தே கோ ஃபார் எ வாக்' என்பதை நேற்றைக்கு மாற்றினால் 'கோ'தான் 'வென்ட்' ஆகிறது, 'வாக்' அசையவில்லை. ஆகவே இங்கே அது பெயர். செயலைக் குறிக்கிறதா என்ற கேள்வியே எழவில்லை.

இரண்டாவது இடச் சோதனை. 'தி', 'எ', 'மை' போன்ற சொல்லைக் கண்டால் சற்றுத் தூரத்தில் ஒரு பெயர்ச்சொல் உண்டு. இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் பெயரடை நிற்கும். 'கேன்', 'வில்', 'மஸ்ட்' வந்தால் அடுத்து வினை வரும். இந்தச் சோதனை எவ்வளவு வலிமையானது என்று காட்ட, பொருளே இல்லாத ஒரு வாக்கியத்தைக் கட்டுகிறேன்: 'தி மூபி டோரக்ஸ் ப்ளின்டட் தி ஸெம் ட்ராபிலி'. 'தி', இரண்டு இடத்தில் வரும் அந்த ஒன்றைத் தவிர, இதில் எந்தச் சொல்லும் அகராதியில் இல்லை. ஆயினும் 'டோரக்ஸ்' பன்மைப் பெயர், 'மூபி' அதன் பெயரடை, 'ப்ளின்டட்' இறந்தகால வினை, 'ஸெம்' இன்னொரு பெயர், 'ட்ராபிலி' வினையடை என்று இந்த அவையில் யாரும் சொல்லிவிடுவீர்கள். பொருள் தெரியாமலே வகை தெரிகிறது என்றால், பொருளை வைத்து எழுதிய வரையறை வகைக்கு அடிப்படையாக இருக்க முடியாது.

மூன்றாவது மாற்றுச் சோதனை. சந்தேகம் உள்ள சொல்லின் இடத்தில் வகை தெரிந்த வேறொரு சொல்லை வைத்துப் பார்ப்பது. 'ஐ நோ தட் தட் மேன் இஸ் ஹானஸ்ட்' என்ற வாக்கியத்தில் 'தட்' அடுத்தடுத்து இரண்டு. இரண்டாவதன் இடத்தில் 'திஸ்' வைக்கலாம், வாக்கியம் நிற்கும். முதலாவதன் இடத்தில் வைக்க முடியாது. ஆகவே இரண்டாவது சுட்டு, முதலாவது வாக்கியத்தை இணைக்கும் சொல். ஆங்கிலேயர் பேசும்போது முதலாவதை மெலிதாக விழுங்கி, இரண்டாவதை முழுதாக ஒலிப்பார்கள்.

காதும் உதவும். 'ரெக்கார்ட்' என்று முதல் அசையில் அழுத்தினால் பெயர். 'ரிகார்ட்' என்று இரண்டாம் அசையில் அழுத்தினால் வினை. 'பெர்மிட்', 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' எல்லாம் இப்படியே. எழுத்தில் மறைந்த வகை ஒலியில் வெளிப்படுகிறது. ஆகவே வாக்கியங்களை வகுப்பில் உரக்கப் படிக்கவைப்பதும் இலக்கணப் பாடமே.

கடினமான இடங்கள்

'ஸ்கூல் பஸ்' என்பதில் 'ஸ்கூல்' என்ன வகை? 'பஸ்' என்ற பெயரை விளக்குகிறது, ஆகவே பெயரடை என்று பல வழிகாட்டி நூல்கள் எழுதுகின்றன. சோதித்துப் பாருங்கள். 'வெரி ரெட் ஸாரி' என்கிறோம். 'வெரி ஸ்கூல் பஸ்' என்பதில்லை. 'தி ஸாரி இஸ் ரெட்' என்கிறோம். 'தி பஸ் இஸ் ஸ்கூல்' என்பதில்லை. 'ரெட்' எல்லாச் சோதனையிலும் தேறுகிறது. 'ஸ்கூல்' ஒன்றிலும் தேறவில்லை. ஆகவே அது இன்னொரு பெயருக்கு முன் நின்று அதை விளக்கும் பெயர்ச்சொல். வேலை வேறு, வகை வேறு. வேலையை மட்டும் பார்த்து வகையை முடிவுசெய்தாலும் தவறுவோம். எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

'எ ஸ்லீப்பிங் சைல்ட்' என்றால் தூங்கும் குழந்தை. 'எ ஸ்லீப்பிங் பில்' என்றால் தூங்கும் மாத்திரை இல்லை, தூக்கத்துக்கான மாத்திரை. முதலாவது வினையிலிருந்து வந்த எச்ச வடிவம். இரண்டாவது வினையிலிருந்து வந்த பெயர். 'ட்ரிங்கிங் வாட்டர்' இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தண்ணீர் எதையும் குடிப்பதில்லை.

'ஹி ரான் அப் எ ஹில்', 'ஹி ரான் அப் எ பில்' என்ற இரண்டையும் பாருங்கள். முதலாமவர் குன்றில் ஓடி ஏறினார். இரண்டாமவர் பில் தொகையை ஏற்றிக்கொண்டே போனார். 'ஹி ரான் எ பில் அப்' என்று 'அப்' என்பதைக் கடைசிக்குத் தள்ளலாம். 'ஹி ரான் எ ஹில் அப்' என்று தள்ள முடியாது. முதல் வாக்கியத்தின் 'அப்' குன்றோடு சேர்ந்த முன்னிடைச்சொல். இரண்டாவதன் 'அப்' வினையோடு ஒட்டிய துணைச்சொல்.

மொழியியலார் அடிக்கடி காட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: 'தி ஓல்ட் மேன் தி போட்ஸ்'. 'ஓல்ட்' பெயரடை, 'மேன்' பெயர் என்று நம்பி நடக்கிறோம். அடுத்து 'தி போட்ஸ்' வந்ததும் வினையே இல்லாமல் வாக்கியம் முட்டிக்கொள்கிறது. திரும்பி வந்து பார்த்தால் 'தி ஓல்ட்' என்றால் முதியவர்கள். 'மேன்' என்றால் படகுகளில் பணியாற்றுவது என்ற வினை. முதியவர்கள் படகுகளைச் செலுத்துகிறார்கள் என்பது பொருள். வகை தவறினால் பொருளே இல்லை. வகை சரியானதும் வாக்கியம் திறந்துகொள்கிறது.

அறிஞர்களே ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. 'ஆஃப்டர்' மூன்று வகை என்கிறது பள்ளி இலக்கணம். டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இல், அது ஒரே வகைதான், பின்னால் வருவதுதான் மாறுகிறது என்று வாதிட்டார். மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதையும் சொல்லலாம். இலக்கணம் இன்னும் ஆராயப்படும் துறை என்று தெரிந்தால் அவர்களுக்கு அதில் பற்று வரும்.

கணினி கற்ற பாடம்

1961இல் அமெரிக்காவில் அச்சான நூல்கள், இதழ்களிலிருந்து 500 பகுதிகளை எடுத்து, பிரௌன் பல்கலைக்கழகத்தில் நெல்சன் ஃபிரான்சிஸும் ஹென்றி குச்செராவும் ஏறத்தாழ பத்து லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்பை உருவாக்கினார்கள். அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் வகை குறிக்க 1971இல் கிரீனும் ரூபினும் எழுதிய நிரல், ஏறத்தாழ நூற்றுக்கு 77 சொற்களில்தான் சரியாக வந்தது. மீதியை மனிதர்கள் திருத்தினார்கள்.

அந்தத் தொகுப்பை ஆராய்ந்த ஸ்டீவன் டிரோஸ் 1988இல் ஓர் உண்மையைக் காட்டினார். அதிலுள்ள வெவ்வேறு சொற்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உடையவை நூற்றுக்குப் பதினொன்றரை மட்டுமே. ஆனால் ஒரு சொல் வரும் ஒவ்வொரு முறையையும் எண்ணினால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். வகை மாறும் சொற்கள் குறைவு. ஆனால் நாம் ஓயாமல் பயன்படுத்தும் சொற்கள் அவைதாம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அதிகமாக வரும் வகையை மட்டும் கண்ணைமூடிக் கொடுத்தாலே கணினி நூற்றுக்குத் தொண்ணூறு வரை சரியாகச் சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது; ஆனால் இருபது சொல் உள்ள வாக்கியத்தில் இரண்டு பிழை என்று அதற்குப் பொருள். அக்கம்பக்கத்துச் சொற்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட நிரல்கள்தாம் தொண்ணூற்றேழை எட்டின. பட்டியலை மனப்பாடம் செய்த இயந்திரம் ஓர் எல்லையில் நின்றது. வாக்கியத்தைப் பார்க்கக் கற்ற இயந்திரம் அந்த எல்லையைத் தாண்டியது.

வகுப்பறைக்கு

இதெல்லாம் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விக்காகவா என்று கேட்கலாம். இல்லை. 'தி பேங்க் டிட் நாட் ஹானர் தி செக்' என்று ஒரு கடிதம் வருகிறது. 'ஹானர்' என்றால் கௌரவம் என்று மட்டும் தெரிந்தவருக்கு அது விளங்காது. 'டிட் நாட்' வந்ததால் அடுத்தது வினை என்று கண்டவர், அகராதியில் வினைப் பகுதிக்குப் போய், காசோலையை ஏற்றுப் பணம் தருவது என்ற பொருளைப் பிடித்துவிடுவார். நல்ல ஆங்கில அகராதி எதுவும் பொருளுக்கு முன் வகையைக் குறிப்பது இதற்காகவே. வகை தெரியாதவர் கையில் அகராதி இருந்தும் பாதிப் பயன்தான்.

ஆசிரியர்களிடம் நான்கு வேண்டுகோள்கள் வைக்கிறேன். தனிச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி வகை கேட்பதை விட்டுவிடுங்கள். எப்போதும் வாக்கியத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரே சொல்லை இரண்டு, மூன்று வாக்கியங்களில் வைத்து ஒப்பிடச் செய்யுங்கள். விடைக்கு ஒரு மதிப்பெண் என்றால், 'எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்ற காரணத்துக்கு இன்னொரு மதிப்பெண் கொடுங்கள். தமிழ் இலக்கணத்தில் பிள்ளை கற்ற வேற்றுமையையும் காலத்தையும் ஆங்கில வகுப்பில் துணைக்கு அழையுங்கள். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் மாதத்தில் ஒரு வகுப்பையாவது சேர்ந்து எடுங்கள்.

வினாத்தாள் அமைக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். 'பெயர்ச்சொல்லை வரையறு' என்ற கேள்வியை நீக்கி, காரணத்தோடு வகை சொல்லும் கேள்வியை அங்கே வையுங்கள். தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதுதான் வகுப்பில் நடக்கும். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு அஞ்சுவது அறிவு போதாமல் இல்லை. கண்டுபிடிக்க வேண்டிய பாடத்தை நாம் ஒப்பிக்கும் பாடமாக்கிவிட்டதால். அந்தப் பாடத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.